செங்கல் எதன் மேல் உட்காரும்?

எங்கள் வீட்டின் வடக்குச் சுவரில் குளிர்காலத்தில் வெயில் படவே படாது. அந்தப் பக்கம் புல்கூடச் சரியாக வளராது. அந்தச் சுவரில்தான், 2023 பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், சைடிங், அதாவது வெளிச்சுவரை மூடியிருக்கும் வினைல் பலகை, உருகி நெளிந்திருப்பதைப் பார்த்தேன். சூடு அதிகமான இஸ்திரிப் பெட்டி பட்ட நைலான் சேலை மாதிரி, ஓர் ஆள் உயரத்துக்கு அலை அலையாகச் சுருங்கியிருந்தது. தொட்டால் கை சுட்டது. வெளியில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிர்.

காரணம் பக்கத்து வீட்டு மாடி ஜன்னல். முந்தைய கோடையில் அவர்கள் ஜன்னல்களை மாற்றியிருந்தார்கள். இரட்டைக் கண்ணாடி, நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு. வீட்டு வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதற்காக வருவது. குளிரில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் வாயு சுருங்கும்போது கண்ணாடி மிக லேசாக உட்பக்கம் குழிகிறது. குழிந்த கண்ணாடி குழியாடி போல வேலை செய்யும். தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலைத் திரட்டி, ஒரு பட்டையாக எங்கள் சுவரில் அடித்திருக்கிறது. வினைல் என்பது பி.வி.சி.தானே, 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 70 செல்சியஸில், இளக ஆரம்பித்துவிடும். அமெரிக்கா முழுக்க இப்படி உருகிய சுவர்கள் இருக்கின்றன என்பது தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மின்சாரம் மிச்சமாகும் ஜன்னலை வாங்கினார், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், கேரி ஊரில். 1998இல் கட்டிய மாடி வீடு. மரச்சட்டம், அதன்மேல் மரச்சில்லுகளைப் பசை போட்டு அழுத்திய ஓ.எஸ்.பி. பலகை, அதன்மேல் வெளிர்சாம்பல் வினைல். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் எழுந்த ஆயிரக்கணக்கான வீடுகளைப் போலத்தான்.

வினைலைத் திட்டுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வண்ணம் அடிக்க வேண்டாம், கரையான் அரிக்காது, தோட்டக் குழாயால் கழுவிவிட்டால் போதும். அதை ஆணியால் இறுக்கவும் கூடாது. வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பொருள் என்பதால், ஆணித்தலைக்கும் பலகைக்கும் நடுவே நூலளவு இடம் விட்டு, தொங்கவிட்டுத்தான் அடிப்பார்கள். பன்னிரண்டு அடிப் பலகை ஒன்று பருவத்துக்குப் பருவம் அரை அங்குலம் வரை நகரும். அப்படித் தொங்குவதால் அதன் பின்னால் காற்று ஓடும், உள்ளே போன தண்ணீரும் வடிந்துவிடும். பிற்பாடு இதை நான் நிறையவே நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் அன்றைக்கு நெளிந்த சுவரைப் பார்த்தபோது எனக்கு ஒரே எண்ணம்தான் வந்தது: செங்கல் வைத்துவிடலாம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் அன்னூரில் அப்பா கட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகளிலிருந்து லாரியில் வந்து இறங்கிய சேம்பர் செங்கல். ஒன்பது அங்குலச் சுவர். தட்டினால் சத்தமே வராது. இங்கே சுவரைத் தட்டினால் டொக்கென்று கேட்கும் ஓசைக்கு இருபது வருஷமாகியும் மனசு பழகவில்லை. செங்கல் வைத்தால் அந்தத் திடம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்று கான்ட்ராக்டர்கள் வந்து பார்த்தார்கள். முதலாமவர், ஓர் அங்குலம்கூடக் கனமில்லாத செங்கல் பட்டைகளை ஒட்டிவிடலாம் என்றார். அது ஒழுங்கான முறைதான். ஆனால் பின்னால் கம்பி வலை, இரண்டு அடுக்குத் தண்ணீர்த் தடுப்புத் தாள், அடிப்பூச்சு எல்லாம் வேண்டும். அவர் அவற்றைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டாமவர் சதுர அடிக் கணக்கைப் போட்டு, அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம் என்றார். மூன்றாமவர் மாதிரிச் செங்கல் எதையும் கொண்டுவரவில்லை. நேராகச் சுவரடிக்குப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தார். எழுந்து, “செங்கல் எதன் மேல் உட்காரும்?” என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. சுவர் மேல்தானே?

இல்லை. பிரிக் வெனீர் என்பது வீட்டுக்குப் போடும் சட்டை. ஊரில் செங்கல்தான் வீட்டைத் தாங்கும், பூச்சு அதை மூடும். இங்கே மரம் வீட்டைத் தாங்குகிறது. செங்கல் ஒற்றை வரிசையாக வெளியே நின்று, தன் பாரத்தைத் தானே சுமந்துகொள்ள வேண்டும். மரச்சட்டத்தின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றவே கூடாது. எவ்வளவு பாரம்? சதுர அடிக்கு ஏறத்தாழ 40 பவுண்டு. முன்பக்கமும் வடக்குப் பக்கமும் சேர்த்து எங்களுக்கு 900 சதுர அடி. சதுர அடிக்கு ஏழு செங்கல் வீதம் 6,300 செங்கல். 36,000 பவுண்டு, பதினாறு டன்னுக்கு மேல். நாலு யானைகளை வீட்டை ஒட்டி நிறுத்துவது மாதிரி. கழற்றிய வினைலையோ இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

செங்கல் வைப்பதாக முதலிலேயே முடிவு செய்து கட்டிய வீடுகளில் அஸ்திவாரத்திலேயே ஐந்து அங்குலத்துக்கு ஒரு விளிம்பு விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது இல்லை. இருக்கிற அஸ்திவாரச் சுவரில் கனமான எஃகுக் கோணச்சட்டத்தைப் போல்ட் போட்டு முடுக்கி, அதன்மேல் அடுக்கலாம். இல்லையென்றால் சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டி, புதிதாகக் கான்கிரீட் கடைக்கால் போட்டு, பழையதோடு கம்பி கோத்து இணைக்கலாம். கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு இரண்டாவது வழியைச் சொன்னார். புதுக் கடைக்கால் தனியாக இறங்கினால் செங்கல் சுவர் வீட்டை விட்டு விலகிப் படிப்படியாக வெடிக்கும் என்பதால் கம்பி கோப்பதில் கறாராக இருந்தார். பொறியாளருக்குக் கொடுத்த பணம்தான் இந்த வேலையிலேயே நான் செய்த நல்ல செலவு. யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல், நகராட்சி அனுமதி. சங்கத்தில் நிறத்துக்கு மட்டும் மூன்று முறை மாதிரி கேட்டார்கள். அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

2024 மே மாதக் கடைசியில் பள்ளம் வெட்டினார்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் ரத்தச் சிவப்பு. இந்த மண்ணுக்குப் பெயரே உண்டு, கரோலினாவின் செங்களிமண். இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் சான்ஃபோர்டு ஊர் செங்கல்லுக்கே பேர்போனது. ஆறுமாத விசாவில் வந்திருந்த அப்பா, பள்ளத்து ஓரம் நின்று ஒரு கட்டியை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். “தடாகத்து மண்ணாட்டவே இருக்குது கண்ணு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க இப்பச் சூளையெல்லாம் மூடிட்டாங்க” என்றார். ஆமாம், செம்மண்ணை ஆழ ஆழத் தோண்டியெடுத்ததில் பள்ளத்தாக்கு குதறிப்போய், வழக்கு நடந்து, 2021இல் மூடவைத்தார்கள். நாங்கள் வளர்ந்த வீடும் ஏதோ ஓர் இடத்தில் விழுந்த குழிதான். வினைல் எந்த ரசாயனத்திலிருந்து வருகிறது என்பதை 2023இல் ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்தீனில் ரயில் தடம்புரண்டு வினைல் குளோரைடை எரிக்க நேர்ந்தபோது எல்லாரும் பார்த்தோம். செங்கல்லும் எங்கேயோ ஒரு மலையடிவாரத்தைத் தின்றுதான் வருகிறது. வாங்குகிறவர் இரண்டையும் தெரிந்து வாங்க வேண்டும்.

கடைக்கால் பரிசோதனை முடிந்து கான்கிரீட் இறுகியதும் வினைலைக் கழற்றினார்கள். கொக்கி போன்ற சின்னக் கருவியை இரண்டு பலகைகளின் இணைப்பில் நுழைத்து இழுத்தால், பையின் ஜிப் திறப்பது மாதிரி சரசரவென்று பிரிந்துவிடுகிறது. ஒரு நாளில் முடிந்தது. முன்பக்கம், கராஜ் கூரை வீட்டுச் சுவரில் முட்டும் மூலையில் பலகையை எடுத்ததும் வேலையாள் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

ஓ.எஸ்.பி. பலகை கறுத்துப் பிட்டாகியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. உள்ளிருந்த கண்ணாடிப் பஞ்சு நனைந்து தொங்கியது. ஒரு சட்டத்தின் அடிப்பகுதியே உளுத்திருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் என் மகன் படுக்கும் அறை.

உடனே வினைலைத்தான் குறை சொன்னேன். நாங்கள் வேலை கொடுத்திருந்த அந்த மூன்றாவது கான்ட்ராக்டர் தலையாட்டி மறுத்து, மேலே காட்டினார். சரிவான கூரை சுவரை ஒட்டி இறங்கி முடியும் இடத்தில், ஓடிவரும் மழைத்தண்ணீரைச் சுவரை விட்டு வெளிப்பக்கம் தள்ளிக் கூரையோரக் கால்வாயில் விழவைக்க, உள்ளங்கை அகலத்தில் வளைத்த ஒரு தகடு இருக்க வேண்டும். கிக்கவுட் ஃபிளாஷிங் என்று பெயர். வீட்டைக் கட்டியவர்கள் அதை வைக்கவில்லை. இருபத்தாறு வருஷ மழை, ஒவ்வொரு தடவையும் அந்த மூலையில் சைடிங்குக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. சில டாலர் பெறுமானமுள்ள தகடு. வினைல் பின்னால் காற்று விட்டு உலரவைத்ததால்தான் அழுகல் அந்த ஒரு மூலையோடு நின்றது என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

இரண்டாவது கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்திருந்தால்? அந்த மூலையைப் பார்த்தும் பார்க்காததுபோல் செங்கல்லால் மூடியிருந்தால், அடுத்த முறை தெரிய வரும்போது பதினாறு டன்னைப் பிரித்தல்லவா பார்க்க வேண்டியிருக்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அழுகியதை வெட்டியெடுத்துப் புதுச் சட்டமும் பலகையும் அடித்தார்கள். பஞ்சை மாற்றினார்கள். சுவர் முழுக்கத் தண்ணீர்த் தடுப்புத் தாள் சுற்றி, மேல்தாள் கீழ்த்தாளின் மேல் படியும்படி ஓடு வேய்வது மாதிரி ஒட்டினார்கள். இதற்குப் பத்து நாள் ஆனது. செங்கல் வேலையை விட இந்தப் பத்து நாளைத்தான் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செங்கல் வேலைக்கு வந்த குழுவின் தலைவர் மெக்சிகோக்காரர், அறுபதை நெருங்குபவர். அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே அவர் ‘மேஸ்திரி’. இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா காலையில் டீ டம்ளரோடு போய் நிற்பார். அவர் நூல் கட்டுவதையும், மூலையில் ஏற்றுவதையும், மூன்று வரிசைக்கு எட்டு அங்குலம் சரியாக வருகிறதா என்று கோல் வைத்துப் பார்ப்பதையும் கவனிப்பார். மத்தியானம் எனக்கு அறிக்கை வரும்: “மூலை தூக்குக்குண்டு பிசகல அம்மிணி. கைப்பழக்கம் இருக்குது.”

இரண்டாம் நாளே ஒரு குறை வந்துவிட்டது. “செங்கல்லத் தண்ணில ஊறப்போடவே இல்ல. வறட்டுச் செங்கல் கலவைத் தண்ணியக் குடிச்சுப்போடும். நீ சொல்லு.”

எனக்கும் தொட்டியில் செங்கல் ஊறும் சத்தமும், குமிழி நிற்கும்வரை காத்திருந்து எடுத்ததும் நினைவிருக்கிறது. மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு செங்கல்லை எடுத்து, கால் டாலர் நாணயத்தை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருபது சொட்டுத் தண்ணீர் விட்டார். கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒன்றரை நிமிஷத்துக்குள் உறிஞ்சிவிட்டால் நனைக்க வேண்டும். தண்ணீர் அதற்கு மேலும் வட்டத்துக்குள் மினுங்கிக்கொண்டே நின்றது. இயந்திரத்தில் அழுத்தி, கம்பியால் அறுத்து, 2,000 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய சூட்டில் சுட்ட செங்கல் அவ்வளவாகக் குடிக்காது. நனைத்தால் கலவை மேல் மிதந்து நகரும். அப்பா குனிந்து வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியின் தோளைத் தட்டினார். சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் ஊற்றாமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனதற்கும் அதன்பிறகு எதுவும் சொல்லவில்லை.

அடுத்த கேள்வி எனக்கே இருந்தது. செங்கல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் அங்குலம் சந்து. இரண்டையும் பிடித்து நிறுத்துவது நெளிநெளியான சின்னத் தகடுகள் மட்டும். ஒரு முனையை மரச்சட்டத்தில் ஆணியடித்து, மறுமுனையை வரிசைக் கலவைக்குள் பதிக்கிறார்கள். “இத்தனூண்டு தகடா கண்ணு இத்தன பாரத்தையும் புடிக்கும்?” என்றார் அப்பா. பாரத்தைப் பிடிப்பது கீழே இருக்கும் கடைக்கால். தகடு செய்வது, காற்றடித்தாலும் நிலம் அசைந்தாலும் சுவர் முன்னே சாயாமல் இழுத்துப் பிடிப்பது. ஒரு தகட்டுக்கு 2.67 சதுர அடிக்கு மேல் பொறுப்பு தரக்கூடாது என்பது விதி. எங்கள் சுவருக்குக் குறைந்தது 340 தகடுகள். அதுவும் ஆணி வெறும் பலகையில் இறங்கினால் பிரயோஜனமில்லை, சட்டத்தில் இறங்க வேண்டும். 2020 ஆகஸ்டில் இதே மாநிலத்தின் ஸ்பார்ட்டாவில் 5.1 அளவு நிலநடுக்கம் வந்தது. பூகம்பம் வராத ஊர் என்று இருந்துவிட முடியாது. சட்டம் இருக்கும் இடத்தை நீலச் சுண்ணக் கோடு போட்டுக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு தகட்டையும் எண்ணினேன்.

அந்தச் சந்துதான் இந்த மொத்த வேலையின் உயிர். செங்கல் சுவரில் தண்ணீர் இறங்காது என்றுதான் முழு வாழ்க்கையும் நம்பியிருந்தேன். பெருமழையில் இறங்கும், செங்கல்லும் கலவையும் சேரும் மயிரிழை இடைவெளிகள் வழியாக. இறங்கட்டும் என்று ஏற்றுக்கொண்டுதான் இந்தச் சுவரையே வடிவமைக்கிறார்கள். உள்ளே வந்த தண்ணீர் சந்தில் வழிந்து, அடியில் இதற்கென்றே பதித்த வேறொரு தகட்டின் மேல் விழுந்து, கீழ் வரிசையில் விட்ட துளைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். எங்களுக்கு மூன்று செங்கல்லுக்கு ஒரு துளை. இரண்டு செங்கல்லுக்கு நடுவே கலவை வைக்காமல் காலியாக விட்ட செங்குத்து இடைவெளி, அவ்வளவுதான். வெயில் வேறு ஒரு வேலை செய்யும். மழையில் ஊறிய செங்கல்லைச் சூடாக்கி ஈரத்தை ஆவியாக உள்பக்கம் தள்ளும். சந்து இல்லையென்றால் அது நேராக மரத்துக்குப் போகும்.

எனவே சந்து அடைபடக்கூடாது. செங்கல்லை அழுத்தும்போது பின்பக்கம் பிதுங்கும் கலவை உள்ளே விழுந்தால் அடியில் குவிந்து துளையை அடைத்துவிடும். மேஸ்திரி கலவையைப் பரப்பியதும் கரண்டியால் உள்விளிம்பைச் சரித்து வழித்துவிட்டு வைத்தார், பிதுங்குவது வெளிப்பக்கமே வரும். அடியில் பஞ்சுபோன்ற ஒரு வலையும் போட்டார். இந்த ஒரு கையசைவை 6,300 தடவை செய்தார்கள். யாரும் பார்க்கப்போவதில்லை.

செய்யாமல் விட்டதும் உண்டு. கராஜ் கூரைக்கு மேல் எழும் முக்கோணச் சுவருக்குச் செங்கல் வைக்கவில்லை. கீழே கடைக்கால் இல்லாத இடம் அது, கூரைச் சட்டத்தின் மேல் எஃகு வைத்துத்தான் ஏற்ற முடியும். அங்கேயும் மற்ற இரண்டு பக்கங்களுக்கும் சிமெண்ட் நார்ப் பலகை. சுவர் ஐந்து அங்குலம் முன்னே வந்ததில் பன்னிரண்டு அங்குலத் தாழ்வாரம் ஏழாகக் குறைந்தது. மின் மீட்டரை நகர்த்த வேண்டியிருந்தது. குழாய், துணி உலர்த்தியின் புகைக்குழாய் எல்லாவற்றையும் நீட்ட வேண்டியிருந்தது. ஜன்னல்களுக்கு மேலே எஃகு லிண்டல். செலவு ஒரு நல்ல புதுக் கார் அளவுக்கு. வீட்டை விற்றால் அது முழுதும் திரும்பாது என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வெயில் காப்புக்காகச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். வெப்பத்தைத் தடுக்கும் திறனை அளக்கும் ஆர் மதிப்பு, நாலு அங்குலச் செங்கல்லுக்கு ஒன்றுகூட வராது. நனைந்த பஞ்சை மாற்றியதில்தான் எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது.

அம்மாவுக்குச் சுவர் பிடித்திருந்தது. துளைகள் பிடிக்கவில்லை. “கடைசி வரிசைல ஓட்ட ஓட்டையா உட்டுட்டுப் போய்ட்டாங்களே, பூசச் சொல்லு. எறும்பு ஏறும்.” பூசக்கூடாதும்மா, அது மூச்சுவிடுகிற வழி என்றேன். அப்பா எனக்காகப் பேசுவார் என்று திரும்பினேன். அவரும் அரை மனதாகத்தான் இருந்தார்.

ஆகஸ்டு 8ஆம் தேதி டெபி புயல் மழை கொட்டித் தீர்த்தது. ராத்திரி முழுக்க. விடிந்ததும் அப்பாவைக் காணோம். வடக்குப் பக்கம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, டார்ச்சும் கையுமாக, ஈர மண்ணில் மண்டியிட்டுக் கிடந்தார். என்னையும் குனியச் சொன்னார். ஒரு துளையின் வாயில் நூல் மாதிரி தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அடுத்ததிலும். “அத்தனையும் வெளிய வருது பாரு” என்றார். துளை துளையாக எண்ணிக்கொண்டே முன்பக்கம் வரை போனார்.

அக்டோபரில் அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது சுவரில் அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. புதுச் சுவருக்கு அது வருவதுதான், உலர்ந்த தூரிகையால் தேய்த்தேன், குளிர்காலம் முடியும்போது பெரும்பாலும் போய்விட்டது.

இப்போது வாரா வாரம் போனில் அப்பா பேரன் படிப்பைக் கேட்பார், மாப்பிள்ளை வேலையைக் கேட்பார், அப்புறம் துளைகளைக் கேட்பார். போன ஏப்ரலில் தோட்டவேலைக்கு வந்தவர்கள் செடிகளுக்கு மரச்சில்லுகளைக் கொட்டி அழகாகச் சுவர்வரை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வடக்குப் பக்கம் ஏழு துளைகள் உள்ளே மறைந்திருந்தன. அலுவலக உடையோடேயே உட்கார்ந்து, ஏழையும் கையால் வழித்து விலக்கிவிட்டு, அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.